சிறுதேர்

வங்கிப் பணியில் இருந்த காலத்தில், விளையாட அழைக்கும் மகனிடம், "நேரமாகிவிட்டது, நாளை பார்க்கலாம்" என்பதே என் வழக்கம்.

ஒரு ஞாயிறன்று அவன் பிஸ்கட் பெட்டியில் பிள்ளையாரை எழுந்தருளச் செய்து, கயிறு கட்டித் தேர் இழுத்தான். இடுப்பில் துண்டு கட்டிய அந்த ஐந்து வயது அர்ச்சகரிடம் பிரசாதத்திற்குப் பணிவுடன் கைநீட்டினேன்.

"நேரமாகிவிட்டது, நாளை வாருங்கள்!" என்றார் கண்டிப்புடன்.

வாய்விட்டுச் சிரித்தேன், மறுகணம் நெஞ்சில் சுருக்கென்றது. "வடம் பிடித்தால் பிரசாதம் உண்டா?" என்றேன். கூடத்தை மூன்று முறை வலம் வந்த பின் கிடைத்தது, ஒரே ஒரு பொட்டுக்கடலை!

குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் சிறுதேர்ப் பருவத்துடன் நிறைவுறுகிறது. வைத்தீசுவரன்கோயில் முருகனையே குழந்தையாக்கித் தேருருட்ட அழைத்தார் அவர். அன்பர்களே, பேரன் வடத்தை நீட்டினால் 'நாளை' என்னாதீர்கள்.