உப்பும் உறைபனியும்

ஆங்கிலப் பாடத்தில் 'சிமிலி', 'மெட்டஃபர்' என்னும் இரண்டு அணிகள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. 'லைக்', 'ஆஸ்' என்ற சொற்கள் வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். இந்தச் சூத்திரத்தை நெட்டுருப் போட்ட குழந்தை 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதிலும் உவமையைத் தேடுகிறது. குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயமில்லை. சூத்திரத்தைக் கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கஷ்டம் நேர்வது விந்தையே. தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. அவருடைய ஊர் இம்மாவட்டத்து அதங்கோடு என்பர். அந்நூலில் உவமைக்கென்றே ஓர் இயல் உண்டு. வினை, பயன், மெய், உரு என உவமை நான்கு வகைப்படும் என்கிறது அது. செயலால் ஒப்பா, பயனால் ஒப்பா, வடிவால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா? இந்த நான்கையும் ஆங்கில வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மாம்பழ வாக்கியம் ஒன்றுக்கும் விடை சொல்லாமல் தானே விலகிக்கொள்ளும்.

மெட்டஃபருக்கும் திறவுகோல் நம் வீட்டிலேயே இருக்கிறது. 'தாமரைமுகம்' உவமை, சொற்களை இடம் மாற்றி 'முகத்தாமரை' என்றால் உருவகம். முன்னதில் முகம் தாமரையைப் போன்றது. பின்னதில் முகமே தாமரை. மற்றது ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் மெய்யான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. வெண்மைக்கு உறைபனியை உவமை சொல்கிறது ஆங்கிலப் புத்தகம். புத்தளத்து உப்பளத்தருகே வளரும் பையன் அதைக் கண்டவனா? வெயிலில் கண் கூசும் உப்புக் குவியலையே அவன் கண்டிருக்கிறான். 'ஆஸ் ஒயிட் ஆஸ் சால்ட்' என்று அவன் எழுதினால் சிவப்பு மை பாய வேண்டுமா? மரபுத்தொடரைக் கேட்ட வினாவானால் 'ஸ்னோ' தான் விடை; அதை மாற்றலாகாது. சொந்த உவமையைக் கேட்டிருந்தால் உப்புக்கே முழு மதிப்பெண். இரண்டையும் ஒரே கோலால் அளந்தால், தான் கண்ணால் கண்டது பரீட்சைக்கு உதவாது என்று பையன் முடிவு கட்டிவிடுவான். பிறகு அவன் எழுதுவதெல்லாம் இரவல் உவமைதான்.

ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் ஸானெட் அன்புக்குரியவரைக் கோடை நாளோடு ஒப்பிடத் தொடங்குகிறது. சித்திரை மாதத்தில் வேர்த்து வடிகிறவர்களுக்கு அது வசவாகவே தோன்றும்! இங்கிலாந்தில் கோடை இதமான பருவம் என்பதை உபாத்தியாயர் முதலில் சொல்லவேண்டும். பின்பு, நாஞ்சில் நாட்டில் எந்த நாளைச் சொல்வாய் என்று கேட்கவேண்டும். ஆனி மாதச் சாரல் என்பாள் ஒருத்தி. கும்பப்பூ அறுவடை முடிந்த மறுநாள் என்பான் ஒருவன். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.