தலையில் பட்ட அடி

கால் பிசகிய மாணவன் நொண்டுகிறான். அவனை மீண்டும் ஆட்டத்துக்கு அனுப்ப எவரும் துணியார். தலையில் அடிபட்டவனோ உடையிற் படிந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, "ஒன்றுமில்லை, சேர்" என்கிறான். பார்த்து நிற்போர் கைதட்டுகின்றனர். அக்கைதட்டலிலேதான் ஆபத்து மறைந்திருக்கிறது.

தலையோ உடலோ பலமாக மோதுண்ணும்போது, மண்டையோட்டினுள் இருக்கும் மூளை குலுங்கி, அதன் தொழிற்பாடு சில காலம் குழம்புகிறது. இதனையே மூளையதிர்ச்சி என்பர். நினைவிழந்து விழுந்தால் மட்டுமே மூளையதிர்ச்சி என எண்ணுவது தவறு, பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சத்தைப் பொறுக்க இயலாமை, மறதி, காரணமற்ற எரிச்சல் என்பன இதன் அடையாளங்கள். இவற்றுட் சில, பல மணித்தியாலங்கள் கழிந்தபின் தோன்றுவதும் உண்டு. கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பினும் பெரும்பாலும் ஒன்றும் புலப்படாது.

ஏனைய காயங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாதெனில், இங்கே காயம்பட்ட உறுப்பே தன் நிலைமைக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, "உன்னால் ஆட முடியுமா?" என்று அடிபட்ட பிள்ளையிடமே கேட்பது பொருந்தாது.

நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில், ரோவன் ஸ்ரிங்கர் என்னும் 17 வயது மாணவி உயிரிழந்தாள். பாடசாலை றக்பி அணியின் தலைவி அவள். சில நாள்களுக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டது. தலைவலியைத் தோழியருக்குச் சொன்னாள். மூளையதிர்ச்சி பற்றி இணையத்திலும் தேடினாள். எனினும் தொடர்ந்து ஆடினாள். முதற் காயம் ஆறுமுன் மீண்டும் பட்ட அடியால் மூளை வீங்கியது. அவள் பெயராலேயே 2018 இல் அம்மாகாணம் சட்டமியற்றியது. ஐயம் எழுந்தவுடன் பிள்ளையை ஆட்டத்தினின்றும் அகற்றுவது அங்கு இப்போது கட்டாயக் கடமை.

நாம் செய்யவேண்டியது என்ன? அடிபட்ட பிள்ளையை அன்று மீண்டும் ஆடவிடலாகாது. தொடர்ந்து வாந்தி, கடுமையாகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப இயலாத உறக்கம், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுக.

முதல் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும். கைத்தொலைபேசியைக் குறைக்க வேண்டும். ஆயினும் இருட்டறையிற் பல நாள் கிடத்தும் பழைய முறையை வைத்தியர்கள் இப்போது கைவிட்டுவிட்டனர். மெல்ல நடப்பது நன்மை தரும். அடுத்து வருவது பாடம். விளையாட்டு அதற்கும் பின்னரே. நடை, ஓட்டம், தனிப்பயிற்சி எனப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாளேனும் விட்டு முன்னேற வேண்டும். அறிகுறிகள் கூடினால் ஒரு படி இறங்குக. உடலோடு உடல் மோதும் ஆட்டத்துக்கு வைத்தியரின் அனுமதி இன்றியமையாதது. பெரும்பாலான பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மாதத்துள் குணமடைவர்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: இக்காலத்திற் பாடத்திற் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி எனக் கடியாதீர்கள்.

மாணவர்களே, நண்பனின் தலைவலியை மறைப்பது நட்பாகாது. அவன் கோபித்தாலும் பெரியோரிடம் கூறுங்கள். ஆட்டத்தில் இழந்த வெற்றியை அடுத்த ஆண்டும் ஈட்டலாம். அதற்கு அவன் உயிரோடும் நலத்தோடும் இருத்தல் வேண்டும்.