போலீஸ் மேகம்: சாவி யார் கையில்?

ரொம்ப நாளாக எழுதணும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும். வகுப்பில் சைபர் குற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுகிறார்கள். "நம்ம போலீஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கைத் துணியில கட்டி, அரக்கு வெச்சு, பஸ்ல எடுத்துட்டுப் போறாங்கடா. எல்லாத்தையும் கிளவுட்ல போட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

முதல் பாதி சரி. இரண்டாவது பாதிதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கிளவுட் என்றால் ரமணாசிரமத்துக்குப் பின்னால் மலை உச்சியில் மார்கழியில் உட்கார்ந்திருக்குமே, அந்த மேகம் இல்லை. யாரோ ஒருத்தருடைய கணினி. எங்கேயோ இருக்கிறது. அதன் கதவைத் திறக்க யாரோ ஒருத்தரிடம் சாவி இருக்கிறது. அந்த யாரோ யார் என்று கேட்காமல் 'நவீனமயம்' என்று கை தட்டுவதுதான் பிரச்சனை.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். 2023 பிப்ரவரி 12 விடிகாலையில் திருவண்ணாமலை நகரத்திலும் போளூரிலும் கலசபாக்கத்திலுமாக நாலு ஏ.டி.எம். இயந்திரங்களைக் கேஸ் கட்டரால் வெட்டி 70 லட்சத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஒரு ஹரியானா கும்பல். போகும்போது தடயம் மிஞ்சக்கூடாது என்று தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். அப்படியும் ஒரு வாரத்துக்குள் ஹரியானாவின் நூ மாவட்டம் வரை போய்ப் பிடித்தது நம்ம போலீஸ். வழியில் இருந்த கேமராப் பதிவுகள், கோலார் தங்கவயலில் அவர்கள் தங்கிய விடுதி என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. அந்த வேலையின் அடித்தளம் சாலையோரக் கடைகளிலும் விடுதிகளிலும் தூசி படிந்து கிடக்கிற டி.வி.ஆர். பெட்டிகள்.

செங்கம் சாலையில் ஆசிரம வாசலிலிருந்து சேஷாத்ரி ஆசிரமம் தாண்டி ஒரு நடை நடந்து பாருங்கள். டீக்கடை, புத்தகக் கடை, கேசட் கடை காணாமல் போய் வந்த யோகா உடைக் கடை, விடுதி என்று எல்லாவற்றிலும் கேமரா. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற ஒவ்வொருத்தர் கையிலும் போன். வெளிநாட்டுக்காரர் அறை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் ஆன்லைனில் ஏற வேண்டும். தியானம் பண்ண வந்தவர்கூட டிஜிட்டல் தடயம் விடாமல் இந்தத் தெருவைக் கடக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டிகள் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதுசை எழுதிக்கொண்டு போகும். போலீஸ்காரர் மூணு வாரம் கழித்து வந்து கேட்டால், "அழிஞ்சுடுச்சுங்க சார்" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை.

சரி, கிடைத்தது என்றே வையுங்கள். அடுத்தது கோர்ட். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் மின்னணுப் பதிவின் நகல் செல்லாது என்று அன்வர் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் வேறொரு அமர்வு கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மறுபடி இறுக்கியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்து, 63-வது பிரிவில் சான்றிதழை இரண்டாகப் பிரித்துவிட்டது. 'ஏ' பகுதியில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்து. 'பி' பகுதியில் நிபுணர் கையெழுத்து. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும்.

ஹாஷ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு கோப்பை ஷா-256 என்ற கணக்கில் விட்டால் 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் வரும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சரம் முழுசாக மாறிவிடும். டிஜிட்டல் அரக்கு முத்திரை மாதிரி. ஆனால் அரக்கை உருக்கி மறுபடி வைக்கலாம், இதை அப்படிச் செய்ய முடியாது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் தண்டனை கொடுத்தது. யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதிப் போட்ட வழக்கு. எப்.ஐ.ஆர். போட்டு 7 மாதத்தில் தீர்ப்பு! அந்தப் பக்கங்கள் இருந்தது அமெரிக்க கம்பெனியின் சர்வரில். யோசித்தால் அதுவே கிளவுட் சாட்சியம்தான், பெயர்தான் அப்போது இல்லை. சைபர் சட்ட நிபுணர் நாவி (நா. விஜயசங்கர்) பக்கங்களை எடுத்துச் சான்றளித்துக் கொடுத்தார். யாஹூ குழுக்கள் 2020-ல் மூடப்பட்டன. அன்று எடுத்து வைக்காமல் விட்டிருந்தால் இன்று எதுவும் மிஞ்சியிருக்காது. ஆக, போலீஸுக்கு அப்போது உதவியது கோடி ரூபாய்க் கருவி இல்லை. போலீஸுக்கு வெளியே இருந்த ஒருத்தர், ஒழுங்கான முறையில், நேரத்தோடு சான்றளித்தார். அவ்வளவுதான். இந்த 'வெளியே இருந்த ஒருத்தர்' என்பதை நினைவில் வையுங்கள்.

1849-ல் மெட்ராசில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடம்தான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு மூலம். விஷமும் ரத்தமும் பார்த்துப் பழகிய வீட்டுக்குள் இன்று மூட்டை மூட்டையாகச் செல்போன் போகிறது. ஒரு போனின் கொள்ளளவு 256 ஜி.பி. என்றால், பத்துப் பேரைப் பிடித்த வழக்கில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எழுத்துத் தடுப்பான் வைத்து நகலெடுத்து, ஹாஷ் போட்டு, அழித்ததை மீட்டு, படித்து... ஆளுக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? இங்கேதான் கிளவுட் விற்பனைக்காரர்கள் வருகிறார்கள். மாவட்டத்திலேயே நகலெடுத்து ஏற்றிவிடுங்கள், சென்னையிலிருக்கும் நிபுணர் அங்கிருந்தே பார்ப்பார், அரக்கும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம். இது உண்மை, நான் மறுக்கவில்லை. மத்திய அரசின் இ-சாக்ஷ்யா செயலியும் இந்த வழிதான். சோதனையையும் பறிமுதலையும் படம்பிடித்து, இடம், நேரம், அதிகாரியின் செல்ஃபி எல்லாம் சேர்த்து அரசு கிளவுடில் ஏற்றுகிறது. பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு அந்தப் பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. நல்ல விஷயம்.

ஆனால் கிளவுட் முதலில் எங்கே போக வேண்டும் தெரியுமா? ஸ்டேஷனுக்குள்ளே.

2020 ஜூன், சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ் இரண்டு பேரும் செத்த பிறகு உயர் நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் ஸ்டேஷனில் போய்ப் பார்த்தார். கேமரா இருந்தது. 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள். இடமில்லாமல் அழியவில்லை, அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிவு மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிற ஒரு கிளவுடுக்குப் போயிருந்தால்? அதே வருஷம் டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா வேண்டும், 18 மாதம் பதிவு இருக்க வேண்டும் என்றது. அப்புறம்? 2025 ஜூன் 28, மடப்புரம். கோயில் காவலாளி அஜித்குமார் அடிக்கப்பட்டது வெளியே தெரிந்தது எந்தக் கேமரா திட்டத்தாலும் இல்லை. யாரோ ஒருத்தர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த படத்தால்.

இதைப் பேசாமல், பொதுஜனத்தின் போனை அரை மணியில் உறிஞ்சுகிற கருவி வாங்குவது மட்டும்தான் நவீனமயம் என்றால் எப்படிங்க?

அடுத்தது இன்னும் பயங்கரம். திருச்சி மாவட்டத்துக்காரர் ஸ்டேன் சாமி பாதிரியார். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைது, 2021 ஜூலை 5-ல் மும்பையில் காவலில் இருக்கும்போதே மரணம். பீமா கோரேகான் வழக்கு. அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் எதிர்த்தரப்புக்காக அவருடைய கணினி நகலை ஆராய்ந்து 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 40-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை, ஊடுருவியவர் தடயத்தைத் துடைக்க முயன்றது 2019 ஜூன் 11-ல், புனே போலீஸ் கணினியைப் பறிமுதல் செய்தது மறுநாள் என்று அந்த அறிக்கை சொன்னது. ரோனா வில்சன் லேப்டாப் பற்றி 2021-லேயே இதே மாதிரி அறிக்கை வந்திருந்தது. தேசியப் புலனாய்வு முகமை இவற்றை ஏற்கவில்லை. அது இருக்கட்டும். இந்த விவாதமே சாத்தியமானது எதனால்? நகல் எதிர்த்தரப்பு கைக்குக் கிடைத்ததால். நாளைக்கு எல்லாம் ஒரு போலீஸ் கிளவுடில் உட்கார்ந்திருக்கிறது, வக்கீலுக்கு ஒரு பி.டி.எஃப். அறிக்கை மட்டும் வருகிறது என்றால், அந்தப் பெரியவர் செத்த பிறகுகூட யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"கருவி பொய் சொல்லாது" என்பவர்களுக்கு ஒரு தகவல். உலகம் முழுக்கப் போலீஸ் வாங்குகிற இஸ்ரேலியக் கருவி செல்லிபிரைட். 2021 ஏப்ரலில் சிக்னல் செயலியின் நிறுவனர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் அதில் ஓட்டை இருக்கிறது, சோதிக்கப்படும் போனில் ஒரு கோப்பை வைத்தே கருவியின் அறிக்கைகளை மாற்றிவிட முடியும் என்று எழுதினார். (செம நக்கலாக எழுதியிருப்பார், தேடிப் படியுங்கள்.)

நம்ம போலீஸின் பூட்டு எப்படி? 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்து தகவலை வெளியே விற்பனைக்கு வைத்தார்கள். ஒரு பாஸ்வேர்டு போனதில் வந்த வினை. முகம் போனால் பாஸ்வேர்டு மாதிரி மாற்றிக்கொள்ள முடியுமா? அந்தத் தளத்துக்குப் பதில் ஒரு மாவட்டத்து மக்களின் போன் நகல்கள் இருந்திருந்தால்? குடும்பப் படம், டாக்டர் சீட்டு, காதல் சண்டை, வங்கி ஓ.டி.பி. எல்லாம்.

வெளிநாட்டு கம்பெனியிடம் கொடுத்தால் பத்திரம் என்பீர்கள். ஸ்காட்லாந்தில் அதைத்தான் செய்தார்கள். ஆக்சன் என்ற கம்பெனியின் சாட்சியப் பகிர்வு அமைப்பு மைக்ரோசாப்ட் கிளவுட் மேல் ஓடுகிறது, 2023-ல் டண்டீயில் சோதனை ஓட்டம். தகவல் நாட்டை விட்டு வெளியே போகாது என்று உத்தரவாதம் தர முடியாது என மைக்ரோசாப்டே சொன்ன விவரம் 2024-ல் வெளிவந்தது. கிளவுட் ஆக்ட் என்ற பெயரிலேயே 2018-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது; அமெரிக்க கம்பெனி எந்த நாட்டில் சேமித்து வைத்திருந்தாலும் அந்த நாட்டு நீதிமன்ற ஆணை வந்தால் கொடுக்க வேண்டும். பிரிட்டன் போலீஸுக்கே இந்த நிலைமை.

இன்னொன்று, எழுதக் கை கூசுகிறது. 2025 செப்டம்பர் கடைசியில் இதே திருவண்ணாமலையில், ஏந்தல் புறவழிச்சாலைப் பக்கம், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு இளம்பெண்ணை வன்கொடுமை செய்ததாகக் கைதானவர்கள் இரண்டு காவலர்கள். வேலையிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். நடவடிக்கை உடனே வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வழக்கில் சந்தேகப்படுபவரே காக்கி போட்டவராக இருக்கும்போது, போன் எந்தக் கோபுரத்தில் இருந்தது, வண்டி எங்கே போனது, யார் யாருக்குப் பேசினார்கள் என்ற பதிவுகளின் அட்மின் பாஸ்வேர்டு அவருடைய துறையிலேயே இருக்கலாமா? காவலர் எல்லாம் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்ல காவலரையும் காப்பாற்றுவது அவர் கையில் இல்லாத சாவிதான்.

அதனால் கிளவுட் வேண்டாமா என்றால், வேண்டும். என்னுடைய சண்டை வரிசை பற்றி. போனைப் பறிமுதல் செய்தால் சிக்னல் தடுக்கும் பையில் போட்டு முத்திரை வைத்து, உரிமையாளரோ அவர் வக்கீலோ இருக்கும்போது நகலெடுத்து, அந்த நகலின் ஹாஷை அங்கேயே ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். புதுச் சட்டம் ஹாஷைக் கோர்ட்டில் பதிவைத் தாக்கல் செய்யும்போது கேட்கிறது. பறிமுதலுக்கும் தாக்கலுக்கும் நடுவில் எத்தனை மாதம்! கருவிகளைப் பறிமுதல் செய்ய வழிமுறை வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டதற்கு, இப்போதைக்கு சி.பி.ஐ.யின் 2020 கையேட்டைப் பின்பற்றுகிறோம் என்றது மத்திய அரசு. கையேடு சட்டம் ஆகாது. மீறினால் யாருக்கு என்ன ஆகும்?

"குற்றவாளி கையில் நகலைக் கொடுத்தால் அழித்துவிடுவானே" என்று ஒரு நண்பர் கேட்டார். அழிக்கட்டும், அவனிடம் இருப்பது நகல்தானே. மூலம் முத்திரைக்குள், ஹாஷ் இரண்டு பேர் கையிலும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் மாதிரி விஷயங்களில் மட்டும் நகல் தராமல் கோர்ட் மேற்பார்வையில் பார்க்க விடலாம்.

அப்புறம் கிளவுட் பெட்டகத்தை நடத்துவது நீதித்துறை. யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவேடு எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரிய வேண்டும். வழக்கு முடிந்து விடுதலையானால் அந்த நகல் அழிக்கப்பட்டதற்கு ஒரு சான்றிதழ் வர வேண்டும். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது தனி ஆச்சரியம். தடய அறிவியல் துறை உள்துறைக்குக் கீழே, போலீஸுக்கு அண்ணன் தம்பியாக இருக்கிற வரை 'பி' பகுதியில் கையெழுத்துப் போடும் நிபுணர் யாருக்குப் பதில் சொல்பவர் என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கும்.

செங்கம் சாலைக் கடைக்காரர்களுக்கும் ஒன்று. டி.வி.ஆர். பெட்டியைப் போலீஸ் அப்படியே தூக்கிக்கொண்டு போனால் பதிவும் போச்சு, அவர் கேமராவும் போச்சு. அங்கேயே நகலெடுத்து, ஹாஷ் போட்டு, பெட்டியைக் கடையிலேயே விட்டுப்போக ஒரு லேப்டாப்பும் பயிற்சி பெற்ற ஒரு காவலரும் போதும். இதற்கு எந்தக் கிளவுட் டெண்டரும் தேவையில்லை. நாளைக்கே ஆரம்பிக்கலாம்.