சாக்கு நனைந்திருக்கிறதா?

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பசுமைக் கட்டடம் என்று வாசலிலேயே பலகை. அன்று ஏழாவது தளத்துக்குக் கான்கிரீட். மே மாதம், பகல் பதினொன்றரை மணி. நெரிசலில் மாட்டிய கலவை லாரி, கிளம்பி ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வந்து நின்றது. பம்ப் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இறுகிப்போச்சு, தண்ணி விடுங்கப்பா" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹோஸ் டிரம்முக்குள் போய்விட்டது. எவ்வளவு ஊற்றினார்கள் என்று ஒருவரும் அளக்கவில்லை. பலம் குறையாதபடி, கலவையை இளக்கும் அட்மிக்ஸ்சர் சேர்த்துச் சரிசெய்திருக்கலாம். அதற்கு ஆள் கூப்பிட வேண்டும், ஒரு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

அதே நேரத்தில், நாற்பதடி தள்ளி, ஏ.சி. போட்ட கண்டெய்னர் ஆபீசுக்குள் ஓர் இளைஞர் அதே லாரியின் டெலிவரி சலானை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் 30 சதவீதம் என்று சலான் சொன்னது. அந்தச் சாம்பலைக் காட்டிப் பசுமைச் சான்றிதழுக்குப் பாயிண்ட் வாங்கலாம். வெளியே ஊற்றிய தண்ணீரை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல பிள்ளை, சொன்னதைத் தவறில்லாமல் செய்தார். அவருக்குப் பயிற்சி என்று கொடுத்ததே அவ்வளவுதான். என் சண்டையெல்லாம் அவரை அந்த ஏ.சி. அறையில் உட்கார்த்தி வைத்த நம்பிக்கையோடு. மாதத்துக்கு இரண்டு பேராவது போனில் இதைச் சொல்கிறார்கள்: "பையன் சிவில் முடிச்சிருக்கான். வெயில்ல சைட்டுக்கு அனுப்ப மனசில்ல. கிரீன் பில்டிங்னு ஏதோ கோர்ஸ் இருக்காமே, அதைப் படிச்சா மேனேஜர் ஆயிடலாமாமே?" ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து, அதோடு பசுமைக் கட்டுமான மேலாளர் தயார் என்று பெற்றோர் நம்புகிறார்கள். கல்லூரிகளும் நம்புகின்றன. கொடுமை என்னவென்றால், வேலைக்கு எடுக்கிறவர்களும் நம்புகிறார்கள்.

அந்தத் தேர்வுகளில் பிரபலமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டடங்களின் பசுமையை மதிப்பிடும் அமெரிக்காவின் லீட் முறையில் முதல் படியான 'கிரீன் அசோசியேட்'. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், கொடுத்த நான்கில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 200-க்கு 170 வந்தால் தேர்ச்சி. எழுதுவதற்கு ஒருநாள்கூட சைட்டில் நின்றிருக்க வேண்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது அறிமுகத் தேர்வு, அப்படித்தான் இருக்கும். அரிச்சுவடி படித்தவனைக் கணக்குப்பிள்ளை ஆக்கியது நாம்தான்.

இந்த மோகத்துக்கு ஒரு பெருமையான தொடக்கம் உண்டு. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு (சி.ஐ.ஐ.) கட்டிய சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் லீட்டின் உச்சத் தகுதியான பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தகுதியைப் பெற்ற முதல் கட்டடம். மறு ஆண்டு குடியரசுத் தலைவர் கலாம் திறந்துவைத்தார். நம்மாலும் முடியும் என்று அது காட்டியது. ஆனால் அதற்குப் பின் வந்த கூட்டம் கட்டடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, சுவரில் மாட்டியிருந்த பட்டயத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பட்டயம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது 2008-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் லீட் பெற்ற 121 கட்டடங்களின் எரிசக்திச் செலவை நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் ஆராய்ந்து பார்த்தது. சராசரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கட்டடங்களில், வரைபட மேசையில் போட்ட கணக்குக்கும் மீட்டர் காட்டியதற்கும் 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். சில எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடின, சில மோசமாக. எது எப்படி ஓடும் என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சிமெண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் பாவம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவது. சாதா சிமெண்ட் ஒரு மூட்டை என்றால் நாற்பது கிலோ அளவுக்குக் கரியமில வாயு ஏற்கெனவே சூளையில் போயாகிவிட்டது என்று பொருள். அதனால்தான் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு மரியாதை. நியாயம்தான். ஆனால் சாம்பல் கலந்தது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதற்குத் தண்ணீர் அதிக நாள் வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது, கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், வெயில் காய்ச்சினால் 14 வரை நீட்டச் சொல்கிறது. நம் சைட்டில் நடப்பது என்ன? தளத்தில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துவார்கள், மூன்றாம் நாள் அடுத்த மாடி சென்ட்ரிங்குக்கு இடைஞ்சல் என்று பாத்தியை உடைத்துவிடுவார்கள். தூணில் சுற்றிய சாக்கு காலையில் நனையும், மதியம் மொறுமொறுவென்று நிற்கும். ஈரம் கிடைக்காத பசுமை சிமெண்ட், ஈரம் கிடைக்காத சாதா சிமெண்டைவிட மட்டம். மேல்தோல் மாவாக உதிரும், கம்பிக்குக் காற்றும் உப்பும் சீக்கிரம் போய்ச் சேரும், அறுபது வருடம் நிற்க வேண்டியதை இருபத்தைந்தில் சுரண்டிப் பூச வேண்டியிருக்கும். பாயிண்ட் மட்டும் பில் வந்த அன்றைக்கே கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைப் பசுமை வகுப்புகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கான்கிரீட் கலவையைத் திட்டமிடும்போது, சைட் எவ்வளவு ஒழுங்கானது என்பதற்கே தரநிலை ஒரு விலை வைத்திருக்கிறது. எம் 30 கலவை, அதாவது 30 மெகாபாஸ்கல் பலம், வேண்டுமென்றால் 30-ஐக் குறிவைத்தால் போதாது. ஒழுங்காக நடக்கும் சைட் என்றால் 38.25-ஐக் குறிவைக்க வேண்டும். அளந்து போடாத, மேற்பார்வை இல்லாத சைட் என்றால் 39.9. இடைவெளியை நிரப்புவது எது? சிமெண்ட்தான். கவனக்குறைவுக்கு நாம் சிமெண்டாகவே அபராதம் கட்டுகிறோம், ஒவ்வொரு கன மீட்டருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யும் ஆய்வில் பங்கெடுத்த எல்.சி.3 என்ற புது சிமெண்டுக்கு 2023-இல் இந்தியத் தரநிலை வந்துவிட்டது; அதில் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் பாதிதான். மகிழ்ச்சி. அந்த மூட்டையும் இதே ஹோஸ்காரரிடம்தான் வந்து சேரப்போகிறது.

கம்பி விஷயத்தில் நான் பாடம் படித்தது ஒரு பார்பெண்டர் மேஸ்திரியிடம். வேலைக்குச் சேர்ந்த புதிது. 16 எம்.எம். கம்பி, 4.2 மீட்டர் நீளத்தில் 200 துண்டு, 3.6 மீட்டரில் 100 துண்டு வேண்டியிருந்தது. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும். நான் வரைபடத்தில் இருந்த வரிசைப்படியே, முதலில் 4.2 எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். ஒரு கம்பிக்கு இரண்டு துண்டு, மிச்சம் ஓரமாக. 3.6 துண்டுகள் அடுத்த வாரக் கான்கிரீட்டுக்கு; அதற்குப் புதுக் கம்பி இருக்கிறதே. மேஸ்திரி பதில் பேசவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு இழுத்தார். "நாலு இருபது, நாலு இருபது, மூணு அறுபது. கூட்டுங்க சார்." கூட்டினேன். சரியாகப் பன்னிரண்டு. அவர் கணக்கில் 100 கம்பி போதும். என் கணக்கில் 134. கூடுதலாக முப்பத்துநாலு கம்பி, 640 கிலோவுக்கு மேல். தாதுவிலிருந்து உருக்கிய இரும்பு என்றால் டன்னுக்கு இரண்டு டன் கரியமில வாயுவுக்குக் குறையாது. என் அவசரத்தின் எடையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த மிச்சக் கம்பியெல்லாம் காயலான் கடைக்குப் போயிருந்தால், ரசீது வாங்கி வைத்து, "கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமல் திருப்பி விடப்பட்டது" என்று எழுதிப் பாயிண்ட் கேட்டிருக்கலாம். மேஸ்திரி வெட்டிய முறையில் கழிவே இல்லை, காட்ட ரசீதும் இல்லை. கழிவையே குறைத்ததற்குப் பாயிண்ட் தரும் வழி பின்னாளில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ரசீதைக் காட்டுவது சுலபம், இல்லாத கழிவைக் காட்டுவது கஷ்டம். ஆபீசில் உட்கார்ந்து படித்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

கட்டடக்கலைஞர் லாரி பேக்கரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அவர் எப்படிக் கற்றார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பர்மிங்காமில் முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அவர். இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட்டில் பல வருடம் வாழ்ந்து, அந்த ஊர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துத்தான் படித்ததைத் திருத்திக்கொண்டார். பிறகு திருவனந்தபுரத்தில் அவர் பரவலாக்கிய ராட்-ட்ராப் சுவரைப் பாருங்கள். செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் கால்வாசி மிச்சமாகும், வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கும். படத்தில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கட்டும்போதுதான் தெரியும்: கரண்டியிலிருந்து சாந்து கொஞ்சம் தாராளமாக விழுந்தால் அந்தப் பொந்துக்குள் போய் நிறைந்துவிடும், செங்கலில் மிச்சம் பிடித்ததைச் சாந்தில் விட்டுவிடுவீர்கள். நல்ல கொத்தனார் ஓரத்தில் மட்டும் கோடு போல வைப்பார். அந்தக் கையை எந்தத் தேர்வும் சோதிக்காது, அந்தக் கையை அடையாளம் காணத் தெரியாதவர் அவரை மேற்பார்வை பார்க்கவும் முடியாது. 1985-இல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பும், 1989 முதல் இயங்கும் ஆரோவில் மண் கட்டுமான நிலையமும் இதைப் புரிந்துகொண்ட இடங்கள். ஆரோவிலில் மண்ணை முதலில் கையில் எடுத்துப் பிசைந்து, முகர்ந்து, கழுவிப் பார்க்கச் சொல்வார்கள், ஆய்வகம் பிறகு.

எதிர்த்தரப்பில் இரண்டு நல்ல வாதம் இருக்கிறது. ஒன்று, வங்கியும் முதலீட்டாளரும் ஆவணம் கேட்கிறார்கள், அதைத் தயார்செய்ய ஆள் வேண்டும். வேண்டும்தான். அது ஆவணக்காரர் வேலை, அப்படியே கூப்பிடுவோம், மேலாளர் என்று ஏன் பெயர்? இரண்டாவது வாதம் கனமானது: சைட் கெட்ட பழக்கத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறது, ஹோஸை டிரம்முக்குள் விட்டவரும் இருபது வருட அனுபவசாலிதானே? உண்மை. வெறுமனே சைட்டில் நின்றால் போதும் என்று நானும் சொல்லமாட்டேன். நின்றவர்கள் எல்லாம் கற்றுவிட்டிருந்தால் நாட்டில் ஒழுகாத மொட்டைமாடி கிடைத்திருக்கும்.

நான் கேட்பது அளந்துகொண்டே நிற்கும் ஒரு வருடம். படிப்பு முடித்ததும், சான்றிதழுக்கு முன்னால். கையில் ஒரு நோட்டு. இன்று எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போயிற்று, கணக்குப்படி எத்தனை போயிருக்க வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) எவ்வளவு, யார் தண்ணீர் கேட்டது, ஏன். சோதனைக் கியூபின் பலம் 7 நாளில் எவ்வளவு, 28 நாளில் எவ்வளவு. ஜெனரேட்டர் எத்தனை லிட்டர் டீசல் குடித்தது. உடைத்துத் திரும்பக் கட்டிய சுவர் எத்தனை, உடைத்ததற்குக் காரணம் கொத்தனாரா, தாமதமாக வந்த வரைபடமா (பாதி நேரம் வரைபடம்தான்). கூடவே கொஞ்சம் இந்தியும் ஒடியாவும். நம் சைட்டுகளில் கலவை போடுகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது வடக்கிலிருந்து வந்தவர்கள். "பானி மத் டாலோ" (தண்ணீர் ஊற்றாதே) என்று உரிய நேரத்தில் கத்தத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவரைவிட அதிகக் கரியமில வாயுவைத் தடுப்பார். இந்த நோட்டோடு ஒரு வருடம் இருந்தவர் பிறகு எந்தத் தேர்வையும் எழுதட்டும். அப்போது அந்த நூறு கேள்விகளும் அவருக்கு வேறு மாதிரி புரியும்.

இதற்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று நிறுவனங்கள் கேட்கும். மிச்சமாகும் சிமெண்டும் கம்பியும் கொடுக்கும் என்பது என் கணக்கு. அதைவிடப் பெரிய தடை கௌரவம். பி.இ. படித்த பிள்ளை சித்தாளோடு நின்று சாக்கைத் தொட்டுப் பார்ப்பதா என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

என் அக்கா வீட்டிலும் சுளித்தார்கள். அவள் மகன் சிவில் முடித்துவிட்டு, ஆன்லைனில் பசுமைக் கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டவிருந்தான். ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஒரு சைட்டில் விட்டேன். முதல் வாரத்துக்கு ஒரே வேலை: தினமும் பகல் இரண்டு மணிக்கு எல்லாத் தூணிலும் சுற்றிய சாக்கைக் கையால் தொட்டுப் பார்த்து எழுதவேண்டும். "இதுக்கா மாமா நாலு வருஷம் படிச்சேன்?" என்றான். மூன்றாம் நாள் இரவு போன் வந்தது.

"மாமா, பன்னிரண்டு தூண்ல நாலு காஞ்சிருந்துச்சு. மூணு நாளும் அதே நாலு. எல்லாம் மேற்குப் பக்கம். தண்ணி ஊத்துற அக்காகிட்ட கேட்டேன். அந்தப் பக்கம் வெயில் நேரா அடிக்குது, மூணு தடவை ஊத்தணும்னு போன மாசமே சூப்பர்வைசர்கிட்ட சொன்னாங்களாம். நாளையிலேர்ந்து நான் மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி அந்த நாலுக்கு மட்டும் ஒரு தடவை ஊத்தச் சொல்லியிருக்கேன். சரிதானே?"