ட்ரீஸ் காப்பியா?

ட்ரீஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் பெயரை எடுத்தால் போதும், உடனே ஒரு பதில் வரும்: "அது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் காப்பிதானே?" 1970-ல் பதிவான 'ஆன் தி ஷோர்' ஆல்பத்தை ஒருமுறைகூட முழுசாகக் கேட்காதவர்களும் இதைச் சொல்கிறார்கள். அதுதான் வேடிக்கை.

தேதிக் கணக்கு சரிதான். ஃபேர்போர்ட்டின் 'லீஜ் அண்ட் லீஃப்' 1969-லேயே வந்துவிட்டது. பழைய நாட்டுப்பாடலுக்கு எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ் என்ற வழியைப் பெரிதாகத் திறந்தது அதுதான். சரி, அதனால்? 'ஜியார்டி' மாதிரியான பாட்டை எழுதியது யாரென்றே தெரியாது. வாய்வழியாக வந்த பாட்டு. ஒரே கிணற்றில் இரண்டு பேர் தண்ணீர் இறைத்தால், பின்னால் வந்தவன் திருடனா?

இறைத்த தண்ணீரை என்ன செய்தார்கள் என்றல்லவா பார்க்க வேண்டும்! ஃபேர்போர்ட்டின் பலம் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் ஃபிடில். கதையை விரட்டிக்கொண்டு ஓடும். ட்ரீஸில் ஃபிடில் கிடையாது. பாரி கிளார்க்கின் எலெக்ட்ரிக் கிடாரும் டேவிட் காஸ்டாவின் அகௌஸ்டிக் கிடாரும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி அலைகின்றன. கடற்படையில் இருந்த சிரில் டாவ்னி எழுதிய 'சாலி ஃப்ரீ அண்ட் ஈஸி' சின்னப் பாட்டு. காதலி ஏமாற்றிவிட்டாள், அவ்வளவுதான் விஷயம். ட்ரீஸ் அதைப் பத்து நிமிடத்துக்கு இழுக்கிறார்கள். வெட்டி இழுவை என்பவர்கள் கவனிக்கட்டும்: வார்த்தை தீர்ந்த பிறகும் வலி தீர்வதில்லை. அந்த மிச்சத்தைத்தான் கிடார்கள் வாசிக்கின்றன. சைக்கடெலிக் என்பது இங்கே ஒப்பனை அல்ல, பாட்டின் அர்த்தமே அதுதான்.

குறையே இல்லையா? உண்டு. 'லிட்டில் சேடி' என்ற அமெரிக்கப் பாட்டுக்கு இந்த ஆல்பத்தில் என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 2006-ல் நார்ல்ஸ் பார்க்லி 'ஜியார்டி'யிலிருந்து ஒரு துண்டை எடுத்து 'செயின்ட் எல்ஸ்வேர்' பாட்டில் போட்ட பிறகுதான் இவர்களுக்குக் காது திறந்தது. பழைய இசைத்தட்டின் விலையைச் சொல்லியே புகழ்வார்கள். காப்பி என்பவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் பாட்டைக் கேட்கவில்லை.

பாடகி சீலியா ஹம்ப்ரிஸ் 2021-ல் இறந்தார். லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் லைனில் அறிவிப்பாக ஒலித்தது அவருடைய குரல். யார் குரல் என்று தெரியாமலேயே கேட்டு இறங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். ரயிலில் அது மன்னிக்கக்கூடியது. 'ஆன் தி ஷோர்' விஷயத்தில் அப்படியில்லை. முதலில் கேளுங்கள், அப்புறம் திட்டுங்கள்.