மொட்டை மாடி எக்ஸாஸ்ட் ஃபேன்: கிச்சன்ல புகை போயிடும்... மேல ஏறுபவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

மாலை 7 மணி. பரோட்டா கல், சிக்கன் ஃப்ரை கடாய், டீ பாய்லர் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும் ஒரு ஹோட்டல் கிச்சன். திடீரென எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோகிறது. ஐந்து நிமிடத்தில் புகைமூட்டம். மாஸ்டருக்குக் கண் எரிகிறது, டேபிளில் இருக்கும் கஸ்டமர் இருமுகிறார். முதலாளி உடனே தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுகிறார்: "அண்ணே, கொஞ்சம் மேல ஏறி என்னன்னு பாருங்க."

ஆபத்து இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, பெயர்ந்த வயர், எப்போது வேண்டுமானாலும் சுற்றக்கூடிய இறக்கை. இவ்வளவுக்கும் நடுவே ஒருவர் ஏறப்போகிறார், கையில் ஒரு டெஸ்டரும் செல்போன் லைட்டும் மட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது எல்லோரும் கேட்பது விலை, சைஸ், சத்தம். அதை மாட்டவும் கழுவவும் ஏறும் ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஏன் இப்போ இது முக்கியம்?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். இதுபோன்ற ஊர்களில் ஹோட்டல், பேக்கரி, திருமண மண்டபம், அரிசி ஆலை, குடோன் என எந்தக் கட்டடத்தை எடுத்தாலும் மேலே ஏதோ ஒரு ஃபேனோ டர்போ வென்டிலேட்டரோ இருக்கும்.

வெயிலும் ஒரு காரணம். வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே அறிவித்தது தமிழ்நாடு அரசு. வெளியிலேயே அப்படி என்றால், அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்குக் காற்றோட்டம் சொகுசு அல்ல, அவசியம். ஃபேன்கள் இன்னும் கூடும். அதை மாட்ட, கழுவ, ரிப்பேர் பார்க்க மேலே ஏறுபவர்களும் கூடுவார்கள்.

கருணாபுரம் ஞாபகப்படுத்துவது என்ன?

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது. 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் தினக்கூலித் தொழிலாளர்கள். சம்பாதிக்கும் ஒருவர் போய்விட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்பதை அந்தத் தெருக்கள் நேரில் பார்த்தன.

அது வேறு வகை விபரீதம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பெயின்ட் அடிக்க, ஷீட் மாற்ற, டக்ட் கழுவ மாடிக்கு ஏறுபவர்களும் பெரும்பாலும் அதே மாதிரி அன்றாடக் கூலிக்கு வருபவர்கள்தான். மாடியில் நடக்கும் விபத்து ஒவ்வொருவராகத்தான் பலி வாங்கும். அதனால் தலைப்புச் செய்தி ஆகாது, உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடும். வீட்டுக்கு விழும் அடி மட்டும் ஒன்றுதான்.

சரி, ஆபத்து எங்கெல்லாம் இருக்கு?

1. காலுக்குக் கீழே: ஷீட்

ஆலை, குடோன், பழைய ஹோட்டல் ஷெட் ஆகியவற்றின் கூரை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது சிமென்ட் ஷீட். வெயிலிலும் மழையிலும் பல வருஷம் கிடந்த ஷீட், பார்க்க கெட்டியாகத் தெரிந்தாலும் ஒரு ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. வெளிச்சத்துக்காக நடுவில் போட்டிருக்கும் ஃபைபர் ஷீட் அதைவிட மோசம். தூசி படிந்துவிட்டால் எது சிமென்ட், எது ஃபைபர் என்றே தெரியாது.

ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கவே கூடாது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டங்களுக்குக் குறுக்கே அகலமான பலகையோ கூரை ஏணியோ போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். இடுப்பில் கட்டும் சாதா பெல்ட் போதாது. ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ் வேண்டும். அதன் கொக்கியை ஃபேன் ஸ்டாண்டிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால் ஆளோடு சேர்ந்து அதுவும் வரும். கான்கிரீட் தூண், பிரதான இரும்புச் சட்டம் மாதிரி அசையாத இடத்தில் மாட்டணும்.

2. கைக்குப் பக்கத்தில்: கரண்ட்

"கரண்ட் இல்லாத நாள்ல ஃபேன் வேலையை முடிச்சிடலாம்" என்பது நம்ம ஊரில் சகஜமான கணக்கு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்தால் அன்றைக்கே ஆள் சொல்லிவிடுவார்கள். இதில்தான் பெரிய பொறி இருக்கிறது. ஆள் மேலே இறக்கையைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருப்பார். கீழே ஃப்ரிட்ஜுக்காக யாராவது ஜெனரேட்டரைப் போடுவார்கள். அல்லது சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடும். சுவிட்ச் ஆனில் இருந்தால் ஃபேன் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். விரல் போவதற்கு ஒரு சுற்று போதும்.

இதற்குத் தீர்வு செலவு குறைவானது. ஃபேனுக்குப் பக்கத்திலேயே, மாடியிலேயே, பூட்டுப் போடும் வசதியுள்ள ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வைக்க வேண்டும். மேலே ஏறுபவர் அதை ஆஃப் செய்து பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளணும். கீழே மெயின் போர்டில் 'மாடியில் ஆள் இருக்கிறார், ஆன் செய்யாதீர்கள்' என்று ஒரு அட்டை தொங்கணும். பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். கரண்ட் இல்லாவிட்டாலும் காற்றடித்தால் இறக்கை தானாகச் சுற்றும் என்பதால் அதைக் கட்டிவைப்பதும் அவசியம்.

மழையைத் தாங்கும் மோட்டார், அதாவது ஐபி 55 அளவு பாதுகாப்பு உள்ளது, வெளியில் வைக்க ஏற்றது. வயர் முழுக்க பைப்புக்குள் போகணும், டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றுகூட வெளியில் இருக்கக் கூடாது. ஃபேன் பாடிக்கு எர்த்திங், லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரிலேயே இவற்றை ஒருமுறை உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். 3 ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறிவிட்டால் அது தலைகீழாகச் சுற்றும். இறக்கை வகை ஃபேன் என்றால் வெளிக்காற்றை உள்ளே தள்ளும், உடனே தெரிந்துவிடும். டக்டில் மாட்டும் பிளோயர் வகை அப்படி இல்லை. தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். "ஃபேன் ஓடுது, ஆனா புகை போகலை" என்றால் பாடியில் இருக்கும் அம்புக்குறியை முதலில் பாருங்கள். தேவையில்லாமல் டக்டைக் கழற்ற ஆள் ஏற்றுவது மிச்சமாகும்.

3. டக்டுக்குள்ளே: எண்ணெய்

புகையோடு எண்ணெய் ஆவியும் மேலே போகிறது. குளிர்ந்ததும் டக்டின் சுவரில் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில் கழுவாத டக்ட் என்பது கிச்சனிலிருந்து மாடி வரை நிற்கும் ஒரு திரி. கடாயில் தீ பிடித்து ஒரு நாக்கு மேலே போனால் போதும்.

2007 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெஸ்ட் ராக்ஸ்பரி பகுதியில் இருந்த ஒரு உணவகத்தில் நடந்தது இதுதான். எக்ஸாஸ்ட் டக்டிலிருந்து கசிந்து சீலிங்குக்கு மேலே சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கில் தீ பிடித்தது. கீழே இருந்தவர்களுக்குத் தெரியாமலேயே அது மேலே எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போன 2 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை டக்டைப் பார்க்கணும்? உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் என்எஃப்பிஏ 96 என்ற அமெரிக்கத் தரநிலை சொல்லும் கணக்கு இது:

• விறகு, கரி அடுப்பு: மாதம் ஒருமுறை
• இரவு பகலாக ஓடும் கிச்சன், அதிகம் பொரிக்கும் இடம்: 3 மாதத்துக்கு ஒருமுறை
• நடுத்தர அளவு சமையல்: 6 மாதத்துக்கு ஒருமுறை
• எப்போதாவது மட்டும் சமைக்கும் மண்டபம் போன்றவை: வருஷம் ஒருமுறை

நம்ம ஊர் விறகு அடுப்பு பிரியாணிக் கடை முதல் வரியில் வருகிறது. நெடுஞ்சாலையோர நைட் ஹோட்டல் இரண்டாவது வரியில். அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபில்டரை இதற்காகக் காத்திருக்காமல் அடிக்கடி கழற்றிக் கழுவணும்.

4. ஃபேனைச் சுற்றி: கீற்றுக் கொட்டகை

ஹோட்டல் மாடியில் ஸ்டாஃப் தங்கவோ, பொருள் போடவோ, பார்ட்டி ஹாலாகவோ ஒரு கீற்றுக் கொட்டகை போடுவது வழக்கம். பல இடங்களில் எக்ஸாஸ்ட் வாய் அதைப் பார்த்தே திரும்பியிருக்கும். தீப்பொறியும் எண்ணெயும் கலந்த சூடான காற்று, காய்ந்த கீற்று மேல் தினமும் படும்.

கூரைக்கு ஏறும் தீ எவ்வளவு வேகமானது என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். மேலே சொன்ன அதே தரநிலை, ஃபேனின் வாய் மாடித் தளத்திலிருந்து குறைந்தது 40 அங்குலம் உயரத்திலும், பக்கத்துக் கட்டடம், ஏசி காற்று உள்ளே போகும் வழி ஆகியவற்றிலிருந்து 10 அடி தள்ளியும் இருக்கணும் என்கிறது. கொட்டகை இருக்கும் மாடியில் அதை அகற்றுவதுதான் முதல் வேலை.

5. கீழே: கேஸ்

எல்பிஜி காற்றைவிட கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், மேலே இருக்கும் ஃபேனுக்குப் போகாது. "கேஸ் வாடை வருது, எக்ஸாஸ்ட் போடு" என்பது உயிரை எடுக்கக்கூடிய வார்த்தை. சுவிட்சைத் தட்டும்போது வரும் ஒரு பொறியே போதும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, பிறகு 1906 என்ற கேஸ் கசிவு உதவி எண்ணை வெளியில் நின்று அழைக்கணும்.

காற்று வெளியே போனால் உள்ளே வர வழி இருக்கணும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஏசி ஹாலுக்காகக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு பெரிய ஃபேன் போட்டால், புகை திரும்ப கிச்சனுக்கே இறங்கும். விறகு, கரி அடுப்பு இருக்கும் இடத்தில் அதோடு சேர்ந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான விதிகளின் 4-வது அட்டவணையே காற்றோட்டம், எக்ஸாஸ்ட் பற்றிப் பேசுகிறது. அசுத்தமான பகுதியின் காற்று சுத்தமான பகுதிக்கு வரக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உயரத்தில் வேலை செய்பவர் விழாமலிருக்கத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 32-வது பிரிவில் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், காற்றோட்டத்தையும் பாதுகாப்பான பணியிடத்தையும் உரிமையாளர் கடமையாகவே வைத்திருக்கிறது.

ஓட்டை எங்கே என்றால், அந்தத் தொகுப்பு பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கானது. ஆறு பேர் இருக்கும் ஹோட்டலுக்கு, ஒரு நாள் கூலிக்கு வந்த ஒருவர் ஷீட் உடைந்து விழுந்தால்? "அவர் கான்ட்ராக்டர் ஆள்" என்பார் முதலாளி. "நான் ஆள் மட்டும்தான் அனுப்பினேன்" என்பார் கான்ட்ராக்டர். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் குடும்பம் நிற்கும்.

அதனால் கட்டட வேலை, வயரிங், பெயின்டிங் செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, அதை உயிரோட்டமாக வைத்திருப்பது முக்கியம். 1994-ல் உருவான வாரியம் அது. விபத்து மரணம், ஊனம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு.

ஆள் ஏறுவதற்கு முன் 6 கேள்விகள்

முதலாளி, மேனேஜர், ஏறப்போகும் நபர் மூவருமே கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. கூரை கான்கிரீட்டா, ஷீட்டா? ஷீட் என்றால் பலகை எங்கே?
2. ஐசொலேட்டர் பூட்டியாச்சா? சாவி யாரிடம்?
3. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் லைனும் ஆஃபா?
4. ஹார்னஸ் இருக்கா? அதை எதில் மாட்டப் போறோம்?
5. கீழே ஒரு ஆள் நிற்கிறாரா? தனியாக ஏற்றக் கூடாது.
6. இப்போதே ஏறியாகணுமா, காலை வெளிச்சத்தில் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விதான் பல உயிர்களைக் காக்கும். ஃபேன் நின்றுவிட்டால் பொரிக்கும் அடுப்பை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்து, அன்றைய மெனுவில் இரண்டு ஐட்டத்தைக் குறைத்தால் இரவு ஓடிவிடும். டக்டில் தீ என்றால் கேஸை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழைக்கணும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றுவதும், மாடிக்கு ஓடி ஃபேன் மூடியைத் திறப்பதும் கூடவே கூடாது.

ஒரு இரவு பரோட்டா வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துவிடலாம். "மேல ஏறி பாருங்க" என்று சொல்வதற்கு முன், பூட்டும் பலகையும் ஹார்னஸும் எங்கே என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.