பச்சை முக்கோணத்தை நம்பலாமா?

உரக்கடையில் விற்கும் எந்தப் பூச்சிமருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தாலும் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு நிறம். சிவப்பென்றால் கொடிய விஷம், பச்சையென்றால் பயமில்லை என்பதுதான் அதற்கு நடைமுறையில் உள்ள பொருள். ஆனால், 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த இந்த நிறங்கள், உள்ளே போனாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு அளவில் உயிர் போகும் என்பதை மட்டுமே சொல்கின்றன. வாய்வழியாகக் கொடுத்து, சோதனை விலங்குகளில் பாதி இறப்பதற்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதுமென்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கும் மேலே போனால் பச்சை. வருடக்கணக்கில் கையாள்பவருக்குப் புற்றுநோய் வருமா, பிள்ளைப்பேறு பாதிக்குமா, வயிற்றில் இருக்கும் கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கெல்லாம் இந்த நிறக்கணக்கில் இடமே இல்லை.

இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவும் விஷமும் ஒரே கப்பலில் வந்ததால் நேர்ந்த வினை அது. அதையொட்டி நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகத்தான் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. கண்ணெதிரே மளமளவென்று விழுந்த உயிர்களைப் பார்த்து எழுதிய சட்டம், உடனடிச் சாவை அளவுகோலாகக் கொண்டதில் வியப்பில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த அளவுகோல் ஒன்றையே வைத்துக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். நெல் விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் என்று பரிந்துரைக்கப்படும், தமிழக விவசாயிகளுக்கு நன்கு பழகிய மருந்து. உடனடி நச்சுத்தன்மையில் இது 5,000 என்ற எல்லையைத் தாண்டியே நிற்பதால், விதிப்படி பச்சை முக்கோணத்துக்குரியது. ‘எச்சரிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நமது விதிகள் அதை விட்டுவிடுகின்றன. இதே பொருளை ஐரோப்பிய ஒன்றியம், மரபணுவில் மாற்றம் விளைவிக்கக்கூடியது, இனப்பெருக்கத் திறனையும் கருவையும் பாதிக்கக்கூடியது என்று 1பி பிரிவில் வைத்திருக்கிறது. அங்கே அதன் லேபிளில் ‘அபாயம்’ என்ற சொல் வரும். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்ததுபோன்ற மனித உருவம் இருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது என்பதற்காகச் செத்த மீனும் பட்ட மரமும் கொண்ட இன்னொரு படமும் இருக்கும். தூள் ஒன்றுதான். அதை வெறுங்கையால் விதையோடு சேர்த்துக் கிளறுகிற பெண்ணுக்கு நாம் காட்டுவது பச்சை நிறம்.

ஐரோப்பா பின்பற்றுவது ஐ.நா.வின் உலகப் பொது முறை. 1992இல் ரியோ டி ஜெனீரோ புவி மாநாட்டில் கருக்கொண்டு, 2003இல் நூலாக வெளிவந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டுவரும் ஜி.எச்.எஸ். அது. ஒரு ரசாயனம் எரியுமா, வெடிக்குமா, அரிக்குமா, உடனே கொல்லுமா, மெல்லக் கொல்லுமா என்று தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் படமும் நிலையான வாசகமும் தருகிறது. அமெரிக்காவும் ஜப்பானும் சீனாவும் இதைத் தங்கள் சட்டங்களில் சேர்த்துவிட்டன. இந்தியாவில் பூச்சிமருந்து லேபிள்களுக்கு இது இன்னும் கட்டாயமாகவில்லை. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சரக்குக்கு அந்தச் சந்தையின் விதிப்படி லேபிள் தயாரிக்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு, உள்ளூர் விவசாயிக்கு அதே தகவலைத் தருவது இயலாத காரியமா? செலவைக் காரணம் காட்டும் வாதம் இங்கேயே வலுவிழக்கிறது. கால அவகாசம் வேண்டுமென்றால் கொடுக்கலாம். 2009இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், கலவைப் பொருட்களுக்கு 2015 ஜூன் வரை அவகாசம் கொடுத்தது.

இதைவிட வலுவான மறுப்பு, அந்தப் படங்கள் யாருக்கும் புரியாது என்பது. உண்மைதான். மண்டையோடு எல்லோருக்கும் தெரியும். நெஞ்சு வெடித்த மனிதனைக் கண்டால் படித்தவர்களே விழிப்பார்கள். ஆனால், நான்கு நிறங்களின் பொருளும் சொல்லிக்கொடுத்துத்தான் தெரிந்தது. மேலும், லேபிளிலும் உள்ளே மடித்து வைக்கும் தாளிலும் வட்டார மொழி இருக்க வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. ‘கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரலாம்’ என்று படத்தின் கீழ் ஒரே ஒரு வரியைத் தமிழில், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் அச்சிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ‘அபாயத் தன்மை வேறு, ஆபத்து நேர்வது வேறு, சரியான அளவில் பயன்படுத்தினால் ஒன்றும் ஆகாது, வீணாக மிரட்டாதீர்கள்’ என்பார்கள் உற்பத்தியாளர்கள். சரி, கையுறை போடுவதா வேண்டாமா, கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் யார்? அவருக்கு முதல் பாதியே சொல்லப்படாதபோது இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுவது வெறும் சமாளிப்பு.

லேபிள் யாரைக் காப்பாற்றியது, தடைதான் வழி என்கிற சூழலியலாளர்களின் வாதத்தில் நியாயம் நிறையவே உண்டு. 2008 முதல் 2011 வரை பாராகுவாட், டைமீத்தோயேட், ஃபென்தியான் ஆகியவற்றைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு இலங்கையில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. எந்த லேபிளாலும் அதைச் சாதித்திருக்க முடியாது. ஆனால், தடை எளிதில் வருவதில்லை. 2020 மே மாதம் மத்திய அரசு தடைசெய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் கார்பென்டாசிமும் இருந்தது. மூன்றாண்டு கழித்து 2023இல் வந்த இறுதி ஆணை முழுமையாகத் தடைசெய்தது மூன்றே மருந்துகளை. கார்பென்டாசிம் அந்த மூன்றில் இல்லை.

ஐ.நா. முறையை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. 400 மில்லிகிராம் அளவில் கொல்லும் மருந்துக்கு நம் விதி மஞ்சள் முக்கோணமும் சிவப்பெழுத்தில் ‘விஷம்’ என்ற சொல்லும் தருகிறது. ஐ.நா. முறையில் உடனடி நச்சுத்தன்மைக்காக அதற்குக் கிடைப்பது வெறும் ஆச்சரியக்குறி. இந்த விஷயத்தில் நம்முடையதே கண்டிப்பானது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. முரண்படாத கூடுதல் தகவலைச் சேர்க்க அந்த முறையே இடம் தருவதால், முக்கோணத்தை வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நாள்பட்ட பாதிப்புக்கான படத்தையும் வாசகத்தையும் சேர்க்கலாம். இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய மசோதா நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தைக் கலந்தாலோசித்து விதியைத் திருத்த 1968ஆம் ஆண்டுச் சட்டமே மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. இனப்பெருக்கத்தையும் மரபணுவையும் பாதிப்பவை என்று வெளிநாடுகள் ஏற்கெனவே வகைப்படுத்தி, இங்கே பச்சையிலும் நீலத்திலும் விற்கும் மருந்துகளிலிருந்து அந்தத் திருத்தத்தைத் தொடங்கலாம்.